இரண்டாவது எஜமான்

செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிறு காலைப் பூசையில் எங்கள் பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் சாமியார் நல்ல பிரசங்கம் ஒன்று வைத்தார். ஒரு ஊழியன் இரண்டு எஜமானுக்கு வேலை செய்ய முடியாது என்று சேசுநாதர் சொல்லும் லூக்காஸ் பகுதிதான் அன்றைய வாசகம். இளம் வயது, கணீரென்ற குரல். பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தும் விட்டார். அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்தப் பகுதியில் முதலில் வருவது கணக்குப்பிள்ளை கதை. எஜமானிடம் கடன் வாங்கியவர்களைக் கூப்பிட்டு, நூறு என்று இருப்பதை ஐம்பது என்று எழுது, நூறு என்று இருப்பதை எண்பது என்று எழுது எனச் சீட்டைத் திருத்தச் சொன்னானே, அவன். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தொன்பது வருடம் கோப்பு தள்ளிய எனக்கு, அந்த ஆளை எஜமான் மெச்சினார் என்று வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போடும். எங்கள் அலுவலகமாக இருந்தால் அன்று மாலையே சஸ்பென்ஷன். எல்லாச் சாமியார்களையும் போல இவரும் அந்தக் கதையைத் தாண்டிக் குதித்து நேரே இரண்டு எஜமானுக்கு வந்துவிட்டார்.

தேவனுக்கு மட்டுமே முழு மனது, பாதி மனது கூடாது, இரட்டைத் தோணியில் கால் வைக்காதீர்கள் என்றார். யார் யார் அப்படிக் கால் வைக்கிறார்கள் என்று ஒரு பட்டியலும் கொடுத்தார். கலியாணத்துக்கு ஜாதகம் பார்ப்பவர்கள், வாஸ்துக்காக வாசலை மாற்றுபவர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரித்த கயிறு கட்டுபவர்கள், தங்கம் வாங்க அட்சய திருதியை பார்ப்பவர்கள். எல்லோரும் சிரித்தோம். கடைசியாக, "கோயிலில் ஒரு பேர், சர்ட்டிபிகேட்டில் ஒரு பேர் வைத்திருப்பவர்கள்" என்றார்.

அப்போது யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசைகளில் இருந்தவர்களில் பலர் மெல்லத் திரும்பி, இடது பக்கம் பின் பெஞ்சுகளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எழுபத்தைந்து வயதாகிறது. யார் எங்கே உட்காருவார்கள் என்று யாரும் இப்போது சொல்லித் தருவதில்லை. ஆனாலும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று என் கழுத்துக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சாமியார் சொன்னது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஜாதகம் பார்க்கும் கிறிஸ்தவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள், அது எனக்கும் பிடிப்பதில்லை. ஆனால் அவர் பட்டியலில் போட்டதெல்லாம் சில்லறை. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் முந்நூறு வருடத்துக்கு மேலாக விசுவாசமாகச் சேவகம் செய்துவரும் இரண்டாவது எஜமான் வேறு. அவர் பெயர் சாதி. அவரைப் பற்றிப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை இல்லை.

இந்த விவகாரம் புதிதல்ல. நம் புதுச்சேரியிலேயே இதற்குப் பெரிய பஞ்சாயத்து நடந்திருக்கிறது. 1703 நவம்பரில் போப்பரசரின் தூதராகத் துர்னோன் என்பவர் இங்கே வந்து இறங்கினார். சீனாவுக்குப் போகிற வழி. எட்டு மாதம் போல இங்கே தங்கி, சேசு சபைச் சாமியார்கள் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு எந்தெந்த வழக்கங்களையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். உடம்பு சரியில்லாததால் உள்நாட்டுக்குள் அவர் போகவே இல்லை. 1704இல் கப்பல் ஏறுமுன் ஒரு கட்டளை போட்டார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, கலியாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, பெண் பெரியவளானால் விழா கூடாது, கிறிஸ்தவ மேளக்காரர் இந்துக் கோயிலில் வாசிக்கக் கூடாது என்று நீண்ட பட்டியல். நம் சாமியாரின் பட்டியலுக்கு அதுதான் பாட்டன் என்று சொல்லலாம்.

அந்தப் பட்டியலில் மற்றவற்றைப் போல இல்லாத ஒன்றும் இருந்தது. பறையர் குடியில் ஒருவர் சாகக் கிடந்தால், சாமியார் அவர் குடிசைக்குள்ளேயே போய்த் தேவதிரவிய அனுமானம் கொடுக்க வேண்டும், வெளியே தூக்கிக்கொண்டு வரச் சொல்லக் கூடாது என்பது அது. அப்படியானால் அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மேல்சாதி கிறிஸ்தவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதற்காகச் சாகிறவனை வாசலுக்குக் கொண்டுவர வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு நாற்பது வருடம் கடிதமும் பதில் கடிதமுமாக ரோமாபுரிக்கும் நமக்கும் நடுவே வழக்கு நடந்தது. தாலி, தேங்காய், சந்தனம் இதிலெல்லாம் ஏதோ ஒரு வழி பிறந்தது. குடிசைக்குள் போகும் விஷயம்தான் யாராலும் முடியவில்லை. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்ற போப்பரசர் கடைசித் தீர்ப்பு எழுதியபோது, சேசு சபையார் முன்வைத்த ஒரு யோசனையை ஏற்றுக்கொண்டார். பறையர்களுக்கென்று தனியாகச் சில சாமியார்களை நியமித்துவிடுவது என்பது அது. மற்றவர்களுக்கு வேறு சாமியார்கள். குடிசைக்குள் போக வேண்டும் என்ற கட்டளைக்கும் பங்கம் இல்லை, மேல்சாதிக்காரர் வீட்டுக்கு வரும் சாமியாருக்கும் தீட்டு இல்லை. எங்கள் அலுவலக பாஷையில் இதற்குக் கோப்பை முடித்து வைப்பது என்று பெயர்.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினசரியில் எழுதி வைத்திருக்கிறார். இந்த வலைப்பூவில் அவரைப் பற்றிப் பலமுறை எழுதியாயிற்று, வாசகர்களுக்கு அலுப்பு வந்திருக்கலாம். ஆனாலும் இதைச் சொல்லாமல் முடியாது. நம் சம்பா கோயிலுக்குள், இப்போது இருக்கும் கட்டடம் அல்ல, 1761இல் இங்கிலீஷ்காரர் ஊரையே தரைமட்டமாக்கியதற்கு முன் இருந்த கோயில், அதற்குள்ளே வடக்குப் பக்கம் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப்புறம் பறையர் கிறிஸ்தவர்கள், இந்தப்புறம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் வெள்ளைக்காரர்களும். 1745 அக்டோபரில் பறையர் கிறிஸ்தவர்கள் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, சுவாமி எல்லாருக்கும் பொது என்றால் எங்களை மட்டும் ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தச் சாமியாருக்கு மறுமொழி சொல்ல முடியவில்லை. சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார். மேல்சாதிக்காரர்கள் கொதித்துப்போய்ச் சாமியாரோடு சண்டைக்குப் போனார்கள்.

இந்தச் சண்டையில் வரும் பெரிய பெயர் கனகராய முதலியார். கும்பெனியின் தலைமைத் துபாஷி, ஊரிலேயே பெரிய கிறிஸ்தவர். இளம் வயதில் செத்துப்போன தம் மகனின் நினைவாக ஒழுகரையில் அர்ச். பெலவேந்திரர் கோயிலைக் கட்டியவர். ரெட்டியார்பாளையம் பக்கம் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம், தமிழிலும் பிரெஞ்சிலும் கல்வெட்டு இருக்கிறது. அவருடைய பக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை. மகனைப் பறிகொடுத்த துக்கத்தைக் கோயிலாகக் கட்டியவரை எப்படிச் சந்தேகப்படுவது? ஆனால் அந்தக் கோயில் திறப்புக்கு அவர் வைத்த விருந்தைப் பிள்ளை விவரித்திருக்கிறார். பிராமணருக்குப் பிராமணச் சமையல், வேளாளருக்கு வேறு, இன்னாருக்கு இன்ன இடம் என்று சாதிவாரியாகப் பந்தி. பீடத்தில் ஒரு எஜமான், பந்தியில் ஒரு எஜமான். இரண்டு பேருக்கும் குறை வைக்காத மனிதர்.

இதே ஊரில், அதே காலத்துக்குச் சற்று முன்னால், நைனியப்பப் பிள்ளை இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளைக்கு உறவு, கனகராய முதலியாருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர். இந்து. துபாஷி வேலை கிறிஸ்தவனுக்குத்தான் போக வேண்டும், மதம் மாறு என்று சேசு சபைச் சாமியார்கள் அவரை நெருக்கினார்கள். அவர் மாறவில்லை. 1716இல் கவர்னர் எபேர் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். சவுக்கடி, அபராதம், நாடுகடத்தல் என்று தீர்ப்பாயிற்று. 1717இல் சிறையிலேயே இறந்தார். பிறகு பிரான்சில் அந்தத் தீர்ப்பே செல்லாது என்றாகிவிட்டது, அது வேறு கதை. பதவிக்காகத் தெய்வத்தை மாற்ற மாட்டேன் என்று செத்த அந்த இந்துவைத்தான், பிளவுபடாத மனதுக்கு உதாரணம் கேட்டால் நான் சொல்வேன். கிறிஸ்தவக் கட்டுரையில் இந்துவை உதாரணம் காட்டலாமா என்று ஒரு நண்பர் போனில் கேட்பார், எனக்குத் தெரியும். சேசுநாதரே சமாரியனை உதாரணம் காட்டவில்லையா?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1748இல் இங்கிலீஷ்காரர் முற்றுகை நேரத்தில், சம்பா கோயிலுக்கு அடுத்தாற்போல் இருந்த வேதபுரி ஈசுவரன் கோயிலை இடித்தார்கள். சேசு சபையார் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்தவன் கோயிலை இடிப்பதற்கு இருந்த வைராக்கியத்தில் கால்வாசி, நம் கோயிலுக்குள் மனிதர்கள் வகுத்துக்கொண்ட எல்லைகளை அழிப்பதில் இருந்திருந்தால், எங்கள் பங்கில் இன்று பின் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும் வேலை இருந்திருக்காது. கல் சுவர் போயிருக்கலாம். என் சிறுவயதில், 1950களின் கடைசியில், நான் புதுநன்மை வாங்கிய கோயிலில் சுவர் கிடையாது. ஆனால் யார் எங்கே முழந்தாளிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கல்லறையிலும் தெரியும். எங்கள் தாத்தாவின் கல்லறைக்கு இரண்டு வரிசை தள்ளி இடுப்பளவு உயரத்தில் ஒரு கட்டைச் சுவர் இருந்தது. அந்தப் பக்கம் யார் என்று அம்மாவிடம் கேட்டேன். "அது அவங்க பக்கம்" என்றாள். அவங்க யார் என்று கேட்கத் தோன்றவில்லை. தெரிந்துதான் இருந்தது.

நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். தமிழ் வீட்டிலும் உபதேசியாரிடமும் கற்றதுதான், அதனால் இங்கே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானத்தில் பசாசையும் அதன் கிரியைகளையும் விட்டுவிடுகிறேன் என்று சொல்கிறோம் அல்லவா, அந்த விட்டுவிடுவதற்குப் பிரெஞ்சில் 'ரெனோன்சே' என்ற சொல். அதே சொல்லை நம் ஊரில் வேறு ஒரு இடத்திலும் கேட்டிருப்பீர்கள். 1881 செப்டம்பரில் வந்த பிரெஞ்சு அரசாணைப்படி, தன் சாதி வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவன் மெரிக்குப் போய் எழுதிக் கொடுத்து, குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் ஆனது அப்படித்தான். வேளாளக் கிறிஸ்தவராகப் பிறந்தவர் சாதிச் சட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது அந்தக் காலத்தில் சின்ன விஷயமல்ல. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் பலரும் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. தொட்டியில் ரெனோன்சே சொன்னவர்கள் மெரியில் சொல்ல மறுத்துவிட்டார்கள்.

காகிதத்தில் இருப்பதும் மனதில் இருப்பதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா என்பதும் நம் ஊரில் பழைய கேள்விதான். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று தெரிவிக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். என் பெரியப்பா சோல்தா, பிரெஞ்சு என்று எழுதிக் கொடுத்தார். அப்பா பேசாமல் இருந்துவிட்டார், இந்தியர் ஆனார். ஒரே வீட்டில் இரண்டு தேசம். ஜூலை 14க்குப் பெரியப்பா மெடல் குத்திக்கொண்டு போவார். ஆகஸ்ட் 15க்கு அப்பா எங்களை அழைத்துக்கொண்டு கொடியேற்றம் பார்க்கப் போவார். இரண்டு பேரில் யார் நேர்மையற்றவர் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மனிதனுக்குக் காகிதம் பலவாறாக அமையும்.

இப்போது நான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன்.

1980களின் நடுவில் நான் வருவாய்த் துறையில் சாதிச் சான்றிதழ் மேசையில் இருந்தேன். ஒரு நாள் ஒரு பையனின் மனு வந்தது. பட்டியல் சாதி, இந்து என்று போட்டிருந்தது. கிராம நிர்வாக அறிக்கையும் சரியாக இருந்தது. பேரும் இந்துப் பேர்தான். ஆனால் எனக்கு அந்தப் பையனைத் தெரியும். எங்கள் பங்கில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவன். சூசை என்று கூப்பிட்டால் திரும்புவான் (சூசை என்பது நான் இங்கே வைத்த பேர்). 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவில் இந்துவைத் தவிர வேறு மதத்தாரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்று இருக்கிறது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், பிறகு 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் இன்றுவரை சேர்க்கவில்லை. நம் புதுச்சேரிக்கென்று 1964இல் வந்த உத்தரவும் அப்படியே.

நான் சும்மா இருந்திருக்கலாம். மேசைக்கு வந்த காகிதம் சரியாக இருந்தது. ஆனால் நான் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினேன்: மனுதாரர் கிறிஸ்தவ ஆலயத்தில் வழிபடுபவர் என்று தெரிகிறது, மறுபடி விசாரிக்கலாம். மூன்று வரி. விசாரித்தார்கள். சான்றிதழ் மறுக்கப்பட்டது. அவனுக்கு வரவிருந்த வேலை போயிற்று.

அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அரசாங்கத்துக்கும் உண்மையாக நடந்தேன், தேவனுக்கும் உண்மையாக நடந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். சேசுவை மறுதலித்து வேலை வாங்குவதாவது! இராயப்பர் மறுதலித்தபோது கோழி கூவியது, இவனுக்கு நான் கூவினேன் என்று என் சம்சாரத்திடம் வேடிக்கையாகக்கூடச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

2004இல் என் மகளுக்கு ஒரு வரன் வந்தது. எங்கள் பங்கிலேயே ஒரு பையன், கல்லூரியில் வாத்தியார், தினமும் காலைப் பூசைக்கு வருபவன். சாமியாரே வந்து கேட்டார். மகளுக்கும் விருப்பம் என்று எனக்குத் தெரியும். பையன் கட்டைச் சுவருக்கு அந்தப் பக்கத்தவன். நான் சாமியாரிடம் காபி கொடுத்து, மரியாதையாக, "எங்க குடும்பத்துல அப்படிப் பழக்கம் இல்லைங்க சாமி" என்றேன். ஜாதகம் பார்க்காத வீடு எங்களுடையது, அதில் எனக்குப் பெருமை. வாஸ்து பார்க்காத வீடு. மகள் சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாமியார் போன பிறகு வந்து, "நாம வாங்குற அதே தட்டுலதானப்பா அவரும் நற்கருணை வாங்குறாரு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. இரண்டு வருடம் கழித்து நான் பார்த்த இடத்தில் கலியாணம் ஆயிற்று. இப்போது பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள், குறை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். பிள்ளைகள், வானிலை, என் சர்க்கரை அளவு, இவற்றைப் பற்றிப் பேசுவோம்.

அப்போது கோழி கூவியிருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை.

என் கருத்து இதுதான். அந்தப் பையன் காகிதத்தில் எழுதியது பொய். பொய்யைச் சரி என்று சொல்ல நான் வரவில்லை, முப்பத்தொன்பது வருடம் காகிதத்தோடு வாழ்ந்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பொய்யை அவன் வாயில் திணித்தது யார்? சர்க்கார் அவனிடம், நீ கிறிஸ்தவன், ஆகவே உனக்குச் சாதி இல்லை, சலுகையும் இல்லை என்கிறது. கோயிலோ, நீ கிறிஸ்தவன்தான், ஆனாலும் அந்தப் பக்கம் உட்கார், அந்தப் பக்கம் புதைபடு, எங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்காதே என்கிறது. சாதியால் வரும் நஷ்டம் முழுவதும் அவனுக்கு உண்டு, அதற்கான ஈடு மட்டும் கிடையாது. சேசுவை வாய்விட்டு அறிக்கையிடுவதற்கு அவனுக்கு ஒரு விலை இருக்கிறது. எனக்கு ஒரு பைசா கிடையாது. நான் கோயிலிலும் இன்ன சாதி, காகிதத்திலும் இன்ன சாதி, கலியாணத்திலும் இன்ன சாதி. என்னை யாரும் இரட்டை வேடம் என்று சொன்னதில்லை. விலை கொடுக்காத விசுவாசத்தைப் பிளவுபடாத விசுவாசம் என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

2024 நவம்பரில் இதே மாதிரி ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நம் புதுச்சேரிப் பெண்மணி ஒருவர், மேல்நிலை எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கு. கோயிலுக்குப் போய்வரும் கிறிஸ்தவராக இருந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்துக்குச் செய்யும் மோசடி என்று நீதிபதிகள் எழுதினார்கள். சட்டம் இப்போது இருக்கிற நிலையில் அவர்கள் வேறு எப்படி எழுத முடியும்? நான் எழுதிய மூன்று வரியும் அதேதான். சட்டத்தையே மாற்றலாமா என்று பார்க்க 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிஷன் போட்டிருக்கிறார்கள். அவர்கள் பார்க்கட்டும். தீர்ப்பு வந்த அன்று பூங்காவில் எங்கள் நடைக் கோஷ்டியில் எல்லோரும் கைதட்டாத குறை. கிறிஸ்தவர்கள்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்கள். அது எனக்கு உறுத்தியது.

சாதி என்பது வெறும் சமூகப் பழக்கம், தேவ பக்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அப்படிச் சொன்னவன்தான். தாய் தகப்பனை மதிப்பது போல, குடும்ப வழக்கத்தை மதிக்கிறோம் என்போம். குடும்பத்தை நேசிப்பது இரண்டாவது எஜமானை வைத்துக்கொள்வதாகாது, அது உண்மை. சர்க்காருக்கு வரி கட்டுவதும் அப்படித்தான். எது எஜமான் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி எனக்குத் தெரியும், அலுவலகத்தில் கற்றது. இரண்டு அதிகாரிகள் இரண்டு உத்தரவு போட்டால், எவர் உத்தரவைக் கிளார்க் நிறைவேற்றுகிறானோ அவர்தான் அவனுக்கு மேலதிகாரி, சீட்டில் யார் பெயர் இருந்தாலும். 2004இல் சுவிசேஷம் ஒரு உத்தரவு போட்டது, சாதி ஒரு உத்தரவு போட்டது. நான் எதை நிறைவேற்றினேன்?

சூசை வேலை போன பிறகு ஊரை விட்டுப் போவான், கோயிலை விட்டுப் போவான், பெந்தெகொஸ்தேயில் சேருவான் என்றெல்லாம் நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிரஸ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். கலியாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயிற்று. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பாஸ்கு எதற்கும் ஆர்மோனியம் தவறியதில்லை. இப்போது கை நடுங்குவதால் மகன் கீபோர்டு வாசிக்கிறான், இவர் பின் பெஞ்சில் உட்காருகிறார். செப்டம்பர் பிரசங்கத்தன்று நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கேதான் இருந்தார். தலை நிமிரவில்லை. காணிக்கைப் பவனி வந்தபோது எழுந்து, எல்லோரையும் போலப் பாடினார்.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். அந்தக் கட்டைச் சுவர் எப்போதோ விழுந்துவிட்டது. யாரும் இடிக்கவில்லை, மழையில் விழுந்தது. அடித்தளம் மட்டும் புல்லுக்குள் ஒரு கோடாகத் தெரிகிறது. என் சம்சாரத்தின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சூசை நின்றிருந்தார். புது மண். அம்மா போன மாதம் இறந்துவிட்டார் என்றார். எனக்குத் தெரியாது. ஒரே பங்கு, எனக்குத் தெரியவில்லை.

"எட்டாம் தேதி முப்பதாம் நாள் பூசை சார். பூசை முடிஞ்சு வீட்ல சாப்பாடு. நீங்க வரணும்" என்றார். ஒப்புக்குக் கூப்பிட்டது போல இல்லை.

போனேன். எழுபத்தைந்து வயதில் அந்தத் தெருவுக்குள் போனது அதுதான் முதல் தடவை. கோயிலிலிருந்து நடந்தால் ஏழு நிமிடம்கூட இல்லை. வாசலில் செருப்பை விடும்போது துர்னோன் போட்ட கட்டளை ஞாபகம் வந்தது, 1704. உள்ளே பெரிய மாதா படம், அதற்குக் கீழே அம்மாவின் போட்டோ, மாலை. பாயில் உட்காரக் கால் ஒத்துழைக்கவில்லை என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். சோறு, கத்தரிக்காய் முருங்கைக்காய் போட்ட சாம்பார், அப்பளம், பாயசம். சர்க்கரை வியாதி என்று சொல்லாமல் பாயசத்தையும் குடித்தேன். அவர் மகன் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறானாம், பொதுப் பிரிவில். "நீங்க ஆபீஸ்ல இருந்தவங்க, எந்தெந்தப் புக்கு படிக்கணும்னு அவனுக்குச் சொல்லுங்க சார்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பையன் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

அந்த மூன்று வரியை எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இன்னும் சொல்லவில்லை.